கடல் இல்லாத மாநிலம்

என் வயதுக்காரர்களே, உங்கள் வீட்டிலும் இது நடக்கிறதா என்று தெரியவில்லை. என் மகன் ஒரு வாரமாக மடியில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு, குடும்பத்தோடு எந்த மாநிலத்துக்குப் போய்விடலாம் என்று பார்க்கிறான். கேரளாவா, தமிழ்நாடா, கர்நாடகாவா. கடல் பக்கமாக இருக்க வேண்டுமாம், மருமகளுக்குக் கடற்காற்று பிடிக்குமாம். “நீங்க என்னம்மா சொல்றீங்க?” என்று என்னையும் கேட்டான். எழுந்து போய்க் காய்ந்த துணியை மடிக்க ஆரம்பித்தேன். ஒரு குடும்பம் மாநிலம் தேர்ந்தெடுத்ததை நான் கூடவே இருந்து பார்த்தவள். அதை அவனிடம் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன். ரேஷன் அரிசியில் கல் பொறுக்கிய காலத்து ஆட்கள் நீங்கள், உங்களுக்குப் புரியும்.

அப்போது நாங்கள் கட்சாலில் இருந்தோம். போர்ட் பிளேரிலிருந்து தெற்கே கப்பலில் போனால் வரும் நிக்கோபார் தீவுகளில் ஒன்று அது. அங்கே அரசாங்கம் ரப்பர் போட்டிருந்தது. இரத்தினபுரிப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் தலைமுறையாகப் பால் வெட்டிக்கொண்டிருந்த எங்களை இலங்கை வேண்டாம் என்று அனுப்பிவிட, மண்டபம் முகாமில் கொஞ்ச காலம் வைத்திருந்துவிட்டு, ரப்பர் தெரிந்தவர்கள் என்று அந்தத் தீவில் கொண்டுபோய் இறக்கினார்கள். அப்பா, அம்மா, நான். நான் சொல்லும் வருஷம் எனக்கு நாலாம் வகுப்பு.

தகரக் கூரை போட்ட லயம், ஒட்டி ஒட்டி வரிசையாக எட்டு வீடு. ஒரு வீட்டில் தாளித்தால் எட்டு வீட்டுக்கும் தும்மல் வரும். எல்லாவற்றுக்கும் மேலே புளித்த ரப்பர் பால் வாடை. அப்பாவின் சட்டையில், தலையணையில், தண்ணீர்க் குடத்தில்கூட அந்த வாடைதான். மரத்தில் வடிந்து காய்ந்த ஒட்டுப்பாலை இழுத்து இழுத்துச் சுற்றிப் பந்து செய்வோம். என் பந்து தேங்காய் அளவுக்கு வளர்ந்திருந்தது. தரையில் அடித்தால் கூரையைத் தாண்டிப் போய் மறுபக்கம் விழும். மேனேஜரின் நாய் ஒரு நாள் கவ்விக்கொண்டு போனது, திரும்பக் கிடைக்கவில்லை.

முந்தின வருஷ மழையில் எனக்கு ஒரு தம்பி பிறந்தான். பிறந்தான் என்று சொல்வது பாதிதான் சரி. அம்மா வலியில் கிடந்தபோது காற்றும் மழையும் பிடித்துக்கொண்டது. பெரிய ஆஸ்பத்திரி அடுத்த தீவில் இருந்தது. படகுக்காரர்கள் கரையில் நின்று அலையைப் பார்த்தார்கள், தலையை ஆட்டினார்கள், போய்விட்டார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. தோட்டத்துக் கம்பவுண்டர் தன்னால் ஆனதைச் செய்தார். குழந்தை அழவே இல்லை. லயத்துக்குப் பின்னால், இன்னும் வெட்டுக்கு வராத இளம் மரங்களுக்கு நடுவே அவனைப் புதைத்தார்கள். அதற்குப் பிறகு அம்மா கடலுக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவாள். அரிசி புடைத்தாலும் சரி, எனக்குத் தலை வாரினாலும் சரி.

மறுபடி அவள் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்த அன்று அப்பாவிடம் சொன்னாள்: “இந்தா பாருங்க, இந்தப் புள்ளைய நான் இங்க பெக்க மாட்டேன். ரோடு இருக்கிற ஊர்லதான் பெப்பேன். மழைக்கு முந்தி என்னைய இங்கருந்து கூட்டிக்கிட்டுப் போயிருங்க.”

“போவோம் புள்ள. எங்க போறதுன்னு ஒரு முடிவு பண்ணிட்டுப் போவோம்.”

கம்பவுண்டர் மலையாளி. அவரும் கறாராகச் சொன்னார்: “சேச்சி, வைகாசி மழை தொடங்கினா கப்பல் வந்தா வந்தது, இல்லேன்னா இல்லை. வயிறு பெரிசானா கப்பல்காரனும் ஏத்த மாட்டான். அதுக்கு முன்னே போகணும், கேட்டோ?”

பங்குனி பிறந்திருந்தது. கப்பல் எப்போதாவதுதான் வரும். எந்த மாநிலம் என்ற பேச்சு எங்கள் வீட்டில் அன்றைக்குத் தொடங்கியது.

அப்பாவுக்கு மழைதான் அளவுகோல். மழை பெய்தால் பால் வெட்ட முடியாது, வெட்டாத நாளுக்குச் சம்பளம் இல்லை. அதனால் யாரைப் பார்த்தாலும் “உங்க பக்கம் மழை எப்படி?” என்று கேட்டார். தோட்டத்துக் கடைக்காரர் இராமநாதபுரத்துக்காரர். அவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கக் கூடாது. “மழையா? நம்ம பக்கமா? மேகமே வழி தவறித்தாண்ணே வரும்! நீங்க நம்ம நாட்டுக்குப் போங்க. நம்ம பாசை, நம்ம சாமி, நம்ம சனம். ஒரு குறையுமில்லை” என்று ஆரம்பிப்பார். அவர் தமிழ்நாட்டைப் புகழ ஆரம்பித்தால் பருப்போடு தராசு அந்தரத்தில் நிற்கும். அம்மா ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டாள்: “ஒரு குறையுமில்லைன்னா நீங்க ஏன் இம்புட்டுத் தூரம் கப்பல் ஏறி வந்தீங்க?” உடனே பருப்பை நிறுத்துக் கட்டிக் கொடுத்துவிட்டார்.

அம்மாவின் கேள்வி வேறு. ஒரு மதியம் நேரே பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டாள். வகுப்பில் சுவரில் இந்தியா படம் தொங்கும். எங்கள் மாஸ்டர் ஆந்திராக்காரர், எல்லாரிடமும் இந்திதான் பேசுவார். எங்கள் தீவில் வங்காளி, மலையாளி, தெலுங்கர், நிக்கோபாரி எல்லாருக்கும் அதுதான் பொதுப் பேச்சு. பெரியவர்களுக்கு நாக்கு வளையவில்லை, பிள்ளைகளுக்கு வந்துவிட்டது. அதனால் அம்மாவுக்கு நான்தான் வாய்.

“தெக்க கடல் இல்லாத மாநிலம் எதுன்னு கேளு” என்றாள்.

மாஸ்டர் குச்சியை எடுத்தார். ஆந்திரா, கடல். தமிழ்நாடு, கடல். கேரளா, மேலிருந்து கீழ் வரை கடல். கர்நாடகாவின் நடுவில் குச்சி வந்தபோது அம்மாவின் முகம் கொஞ்சம் தெளிந்தது. குச்சி இடது பக்கமாக நகர்ந்து ஓரத்தில் நின்றது. அங்கேயும் நீலம். “தக்ஷிண் மே ஸப் கே பாஸ் ஸமுந்தர் ஹை, பஹன்ஜி” என்று மாஸ்டர் சிரித்தார். எல்லாரிடமும் கடல் இருக்கிறது என்று நான் சொன்னேன். பிள்ளைகளும் சிரித்தார்கள். எனக்கு அவமானமாக இருந்தது, நாலாம் வகுப்பில் அம்மா வந்து நிற்பதே அவமானம்தான். அவள் எதற்காகக் கேட்டாள் என்பது அந்த வகுப்பில் யாருக்கும் தெரியாது, எனக்கும் அன்றைக்கு உறைக்கவில்லை.

அவளுக்குப் பதில் சொன்னவர் கம்பவுண்டர்தான். ஊசி வெந்நீரில் கொதித்துக்கொண்டிருந்தது, அதைப் பார்த்தபடியே சொன்னார்: “கடல் இருந்தோட்டே சேச்சி. எங்க நாட்டில் கடல் வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவில் இல்லை. நடுவில் ரோடாணு. பஸ் உண்டு. புனலூர் பக்கம் சர்க்கார் ரப்பர் தோட்டமும் உண்டு, சிலோன்காரங்களை எடுக்கிறாங்க.” அன்றைக்கு மாலையே அம்மா முடிவு செய்துவிட்டாள். கேரளா.

அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. அவருக்குத் தமிழ்நாட்டுக்குத்தான் போக வேண்டும், அதிலும் காவிரிக் கரையில் ஒரு குறிப்பிட்ட ஊருக்கு. அவருடைய தாத்தா அங்கிருந்துதான் இலங்கைக்குப் போனவர். மண்டபம் முகாமிலிருந்து எங்களை ஒரு தடவை அங்கே அழைத்துப் போயிருந்தார். அப்பாவுக்குப் பெரியப்பா மகன் முறையாக வேண்டிய ஒருவர் வாசல் நிலையில் கை ஊன்றி நின்றுகொண்டு, “நீங்க இன்னாருதான்னு என்னத்த வச்சு நம்புறது?” என்று கேட்டார். செம்பில் தண்ணீர் கொடுத்தார்கள். உள்ளே கூப்பிடவில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது அப்பா வழியெல்லாம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

“அதே ஊருக்கா போகணும்கிறீங்க? செருப்பால அடிக்காத குறை!” என்றாள் அம்மா.

“அன்னைக்கி வெறுங்கையோட போனோம் புள்ள. இந்தத் தடவ அத்தாட்சியோட போவோம். தொரை கையெழுத்துப் போட்ட பத்துச்சீட்டு இருந்தா எவன் என்ன கேப்பான்?”

இந்தப் பத்துச்சீட்டை உங்களில் சிலருக்கு விளக்க வேண்டும். இலங்கைத் தோட்டங்களில் ஒருவர் வேலையை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமென்றால், பழைய துரை ஒரு சீட்டு எழுதித் தர வேண்டும். இந்த ஆள் இன்னார், இத்தனை காலம் இங்கே வேலை செய்தார், போவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை என்று. அதைக் காட்டினால்தான் புதுத் தோட்டத்தில் பேர் பதிவார்கள். என் தாத்தா ஒரு தடவை, ஆட்களை மேய்க்கும் கங்காணியோடு சண்டை போட்டு, சீட்டு இல்லாமல் குடும்பத்தை இழுத்துக்கொண்டு வெளியேறியிருக்கிறார். எந்தத் தோட்டமும் எடுக்கவில்லை. ரோட்டோரம் பலாக்காய் அவித்துத் தின்று கிடந்தார்கள். அப்பாவின் தங்கை ஒருத்தி அங்கேயே போய்ச் சேர்ந்தாள். அதைப் பார்த்து வளர்ந்தவர், இந்தியாவிலும் அதே சட்டம்தான் என்று நினைத்தார். மாநிலம் என்பது அவருக்கு இன்னும் பெரிய ஒரு தோட்டம்.

மேனேஜரிடம் போய்க் கேட்டும் விட்டார். மேனேஜர் வடக்கத்திக்காரர், குரல் பெரிது, மனசு கெட்டதில்லை. அப்படியொரு பழக்கம் இங்கே கிடையாது என்று சொல்லியிருக்கிறார். அப்பாவோ சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தார். “எந்தத் தொரை நல்ல வேலைக்காரன ஒரே கேள்வியில விடுவான்? எல்லாத் தொரையும் மொதல்ல இல்லைன்னுதான் சொல்லுவான். இன்னும் நல்லா வேலை செஞ்சு மனசக் குளிர வச்சு வாங்கிருவேன், பாரு.”

இதுதான் எங்கள் ஆட்களால் மட்டும் செய்ய முடிந்த தப்பு. போக வேண்டும் என்பதற்காக அப்பா உயிரைக் கொடுத்து வேலை செய்தார். விடியும் முன்னே போய்விடுவார். பட்டையில் ஒரு கீறல் ஆழமாகப் போகாது, ஒரு சொட்டு வீணாகாது. அவர் வெட்டிய மரங்களைக் காட்டித்தான் மேனேஜர் புது ஆட்களுக்கு வேலை கற்றுக்கொடுத்தார். லீவு நாளில் போய்ப் புகைக்கூடத்தில் காயும் ரப்பர் ஷீட்டைத் திருப்பிப் போட்டார். அவர் எவ்வளவு நன்றாக வேலை செய்தாரோ, அவ்வளவுக்கு மேனேஜர் அவரை இறுகப் பிடித்துக்கொண்டார்.

சித்திரையில் ஒரு கப்பல் வந்தது. தூரத்தில் நங்கூரம் போட்டு நின்றது, சின்னப் படகுகள் போய் அரிசி மூட்டைகளை இறக்கின. அம்மா தகரப் பெட்டியைக் கட்டி வாசலில் வைத்திருந்தாள். அப்பா வேலையிலிருந்து வந்து அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு, பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்தார். “இன்னும் கையில வரல புள்ள. அடுத்த கப்பலுக்குள்ள வாங்கிருவேன்.” அம்மா அன்று சாப்பிடவில்லை. கப்பல் மூன்று தடவை ஊதிவிட்டுப் போனது. எனக்கு அந்தச் சத்தம் இன்னும் பிடிக்காது.

கொஞ்ச நாளில் அப்பா ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தார். மேனேஜர் அவரைச் சூப்பர்வைசர் ஆக்கிவிட்டாராம். தனி வீடு, சிமெண்ட் தரை. லயத்து ஆட்கள் எல்லாரும் வந்து கை கொடுத்தார்கள். அப்பாவின் முகம் மின்னியது. “இனி சீட்டு கேட்டா இல்லைன்னு சொல்லவே முடியாது! கங்காணி வேலை பாத்தேன்னு சீட்டுல எழுதுவாங்க புள்ள. ஊர்ல அந்தப் பய வாசல்ல போயி நின்னு காட்டுறேன்.”

அம்மா வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு அவரையே பார்த்தாள். “ஏங்க, சூப்பர்வைசர் ஆக்குனது போறதுக்கா, இருக்கிறதுக்கா?”

அவருக்கு அந்தக் கேள்வி புரியவே இல்லை. கம்பவுண்டரே வந்து, இந்தியாவில் எந்தத் தோட்டத்திலும் யாரும் அப்படிச் சீட்டு கேட்பதில்லை என்று சொல்லிப் பார்த்தார். “அவருக்கு மருந்து தெரியும், தோட்டம் தெரியுமா?” என்றார் அப்பா, அவர் போன பிறகு. பிறகு குரல் இறங்கி, “சீட்டு கேக்காத ஊர்னா, நாம யாருன்னு அவங்களுக்கு எப்படித்தான் தெரியும்?” என்று கேட்டார்.

மேற்கே மேகம் கட்ட ஆரம்பித்தது. வயிறும் வெளியே தெரிய ஆரம்பித்தது, அம்மா புடவையைத் தளரக் கட்டி மறைத்தாள். அடுத்த கப்பல் கிளம்பிவிட்டது, மழைக்கு முன்னால் இதுதான் கடைசி என்று ஒயர்லெஸ்ஸில் செய்தி வந்தது. தகரக் கூரையில் முதல் தூறல் விழுந்த அன்று மத்தியானம் அம்மா என் கையைப் பிடித்து எழுப்பினாள். பிடி வலித்தது. “வா. தொரை பங்களாவுக்குப் போவோம்.” அப்பா அப்போது மரக்காட்டில் இருந்தார்.

மேனேஜர் வராந்தாவில் உட்கார்ந்து பப்பாளி தின்றுகொண்டிருந்தார். என் பந்தைத் திருடிய நாய் காலடியில் படுத்திருந்தது. “க்யா ஹை, பேட்டி?” என்ன விஷயம் மகளே என்றார்.

ஒரு சீட்டு எழுதித் தரச் சொல்லி அவரையே கேட்டிருக்கலாமே என்று நினைப்பீர்கள். அம்மா முதலில் அதைத்தான் கேட்டாள். பத்துச்சீட்டுக்கு எனக்கு இந்தி தெரியாது. ‘நல்ல வேலைக்காரர், போகலாம் என்று ஒரு காகிதம்’ என்று சொன்னேன். மேனேஜர் கையைத் துடைத்துக்கொண்டார். அது தன் கையில் இல்லை, பிளேர் ஆபீசுக்கு எழுத வேண்டும், பதில் அடுத்த ஜஹாஜில் வரும் என்றார். ஜஹாஜ் என்ற சொல்லுக்கு அம்மாவுக்கு நான் தேவைப்படவில்லை, கப்பலை அங்கே எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் நான் பயந்துபோனேன்.

“அப்படின்னா அவரை வேலைய விட்டு நிறுத்திரச் சொல்லு” என்றாள்.

நான் அவள் முகத்தைப் பார்த்தேன்.

“சொல்லுடி.”

“பிதாஜி கோ காம் ஸே நிகால் தீஜியே, ஸாஹிப்.”

மேனேஜர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “க்யோங்? ஷராப் பீதா ஹை? மார்தா ஹை?” குடிக்கிறாரா, அடிக்கிறாரா என்று கேட்கிறார் என்றேன்.

“குடிக்கவும் மாட்டாரு, கைநீட்டவும் மாட்டாரு. நல்ல மனுசன். அதுதான் சிக்கல்னு சொல்லு.” பிறகு அவளே பேசினாள், நான் பின்னாலேயே ஓடினேன். “நல்லா வேலை செஞ்சா விடுவாங்கன்னு நெனச்சு வேலை செய்றாரு. இவரு செய்யச் செய்ய நீங்க விட மாட்டேங்கிறீங்க. நானா சொன்னா கேக்க மாட்டாரு. தொரை வேணாம்னு சொன்னா, ஒரு நாள் தங்க மாட்டாரு, கப்பல் ஏறிருவாரு. போன வருசம் நான் ஒண்ண இங்க பொதச்சிட்டேன். இத என்னால பொதைக்க முடியாது.”

கடைசி வாக்கியத்தை நான் எப்படி இந்தியில் சொன்னேன் என்று நினைவில்லை. மேனேஜர் பப்பாளித் தட்டைத் தள்ளி வைத்தார். போன வருஷம் அந்தக் குழிக்குப் பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு நின்றவர் அவர். பிறகு, அவனுக்கு என்ன காரணம் சொல்வது என்று கேட்டார்.

“காரணம் எதுக்கு? எங்கள நிறுத்துன தொரைமாரு என்னைக்கி காரணம் சொல்லியிருக்காங்க?” என்றாள் அம்மா. இதை நான் மொழிபெயர்த்ததும் அவர் முகம் சிவந்தது. கோபமா வெட்கமா என்று தெரியவில்லை.

“கிதர் ஜாயேகா?” எங்கே போவீர்கள் என்று கேட்டார். நான் வாயைத் திறக்கும் முன்பே அம்மா சொன்னாள், “கேரளா.”

மறுநாள் காலை அப்பா வேலை நேரத்தில் வீட்டில் இருந்தார். அந்த நேரத்து வெளிச்சத்தில் அவரை வீட்டுக்குள் நான் பார்த்ததே இல்லை. கட்டிலில் உட்கார்ந்து கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். “பேரை வெட்டிட்டாரு” என்றார்.

“ஏன்?” என்று அம்மா கேட்டாள். கேட்டாள், பாருங்கள். ஒரு நரம்பு அசையாமல் கேட்டாள்.

“ஒண்ணும் சொல்லல. எல்லார் முன்னாலயும், இன்னைலருந்து வேணாம்னுட்டாரு. என்ன தப்பு பண்ணுனேன்? எந்த மரத்துல தப்பு வெட்டுனேன்?” உடனே எழுந்தார். பால் வெட்டும் கத்தியைத் துணியால் துடைத்தார். இலங்கையிலிருந்து அரைஞாணில் செருகிக்கொண்டு வந்த கத்தி, பிடி அவர் கைக்குத் தேய்ந்திருக்கும். பங்களாவுக்கு விறுவிறுவென்று நடந்துபோய் வாசற்படியில் அதை வைத்துவிட்டு வந்தார். “அது உங்க சொந்தக் கத்திங்க!” என்று அம்மா பின்னால் கத்தினாள். அவர் காதில் விழவில்லை.

சாயங்காலம் அவராகவே சொன்னார்: “பேரு வெட்டுப்பட்டவன் அந்த ஊருக்கு எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் போறது? கேரளாங்கிறியே, அங்கயே போவோம். நம்மளத் தெரிஞ்சவன் எவனும் அங்க இருக்க மாட்டான்.” எங்கள் மாநிலம் இப்படித்தான் முடிவானது. இவ்வளவையும் கணக்குப் போட்டுத்தான் அம்மா பங்களாவுக்குப் போனாளா, இல்லை தற்செயலா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்டால் பதில் சொல்கிற ஆளும் அவள் இல்லை.

கப்பல் வந்த அன்று கடல் கறுத்திருந்தது. கரையில் படகு ஆடிக்கொண்டிருந்தது, அம்மா புடவையை வயிற்றைச் சுற்றி இழுத்துப் போர்த்தியிருந்தாள். கப்பல்காரன் பார்த்துத் திருப்பி அனுப்பிவிடுவானோ என்று அவளுக்குப் பயம். அப்பா பெட்டியைத் தூக்கியபோது மேனேஜர் குடையோடு இறங்கி வந்தார். நேரே அப்பாவிடம் வந்து கையை நீட்டினார். அந்தத் தோட்டத்தில் அவர் எந்தத் தொழிலாளிக்கும் கை கொடுத்து நான் பார்த்ததில்லை.

அப்பா கையைக் கொடுக்கவில்லை. பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கடலைப் பார்த்தார்.

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். இவனைப் போல ஒரு வேலைக்காரன் எனக்குக் கிடைத்ததில்லை, இனியும் கிடைக்க மாட்டான், இதை உன் அப்பாவிடம் சொல் என்றார். அவ்வளவையும் மெதுவாக, எனக்குப் புரிய வேண்டும் என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

“என்னவாம் அவருக்கு?” என்றார் அப்பா.

நான் வாயைத் திறந்தேன். அம்மா என் தோளைப் பிடித்தாள். “அல பெருசாகுதாம், சீக்கிரம் ஏறச் சொல்றாரு” என்று அவளே சொன்னாள். அப்பா படகில் ஏறினார். அம்மா ஏறும்போது பின்னால் ஒரு தடவை திரும்பினாள். மேனேஜரைப் பார்க்கவில்லை. லயத்துக்குப் பின்னால் இருந்த இளம் மரங்களைப் பார்த்தாள்.

புனலூர்ப் பக்கத்துத் தோட்டத்தில் ஒரு மேஸ்திரி அப்பாவின் கையில் கத்தியைக் கொடுத்து ஒரு மரத்தைக் காட்டினார். அப்பா வெட்டிக் காட்டியதும், “மதி, போதும். நாளைக்கு வா” என்றார். அவ்வளவுதான். அப்பா வந்து அம்மாவிடம், “சீட்டு கேக்க மறந்துட்டாங்க போல” என்றார். வெகுகாலம் யாராவது வந்து கேட்பார்கள் என்று பயந்துகொண்டே இருந்தார், புது ஆபீசர் யாராவது வந்தால் மரத்துக்கு அந்தப் பக்கம் போய் நிற்பார்.

தம்பி அங்கே பிறந்தான். கம்பவுண்டர் சொன்னது பொய்யில்லை, கொட்டும் மழையிலும் பஸ் வந்தது. அவன் போட்ட கத்தலில் வார்டே எழுந்துகொண்டது. அப்பா வராந்தாவில் நின்று வாய்விட்டுச் சிரித்தார். அம்மா அழுதாள். அப்பாவிடம் அவள் கடைசிவரை சொல்லவில்லை, என்னையும் சொல்ல விடவில்லை. சொன்னால் சாகும் வயதிலும் அவர் மேனேஜரிடம் மன்னிப்புக் கேட்கக் கப்பல் ஏறிவிடுவார் என்பாள். இருவருமே இப்போது இல்லை.

தம்பி படித்து மின்வாரியத்தில் வேலைக்குச் சேர்ந்த அன்று காலை நடந்ததோடு முடித்துவிடுகிறேன். புதுச் சட்டை போட்டுக்கொண்டு அப்பாவின் காலில் விழுந்தான். அப்பாவுக்கு அப்போது கண் மங்கிவிட்டது. அவன் தோளைத் தடவிப் பார்த்துத் தூக்கிவிட்டார். “எப்படி வேணும்னாலும் வேலை செய்யி தம்பி. ஆனா விட்டு வர்றப்ப நல்ல பேரோட வா. என்னைய மாதிரி பேரு வெட்டுப்பட்டு வராத” என்றார்.

அவன் சரிப்பா என்றான். அடுப்படியில் அம்மா அவனுக்குத் தோசை சுட்டுக்கொண்டிருந்தாள். கல்லில் தோசையை அப்படியே விட்டுவிட்டுக் கொல்லைப்பக்கம் போனாள். நான்தான் போய் அதைத் திருப்பிப் போட்டேன்.